ஒரே டிஷ், இரண்டு டிவி: வயரைப் பிரித்தால் என்ன நடக்கிறது?

ஆந்திர எல்லையில் தடா, சூலூர்ப்பேட்டை பக்கத்துத் தமிழ் வீடுகளில் இரண்டு டிவி இருப்பது இப்போது சாதாரணம். கூடத்தில் பெரியவர்கள் தமிழ் சேனல் பார்க்கிறார்கள். தெலுங்கு மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு உள்ளறையில் தெலுங்கு சேனல் வேண்டும். மாடியில் டிஷ் ஒன்றுதான். கூடத்து டிவிக்கு ஒரு ஃப்ரீ டிஷ் பாக்ஸ் இருக்கிறது. புதிதாக வாங்கிய டிவியில் பாக்ஸின் வேலையைச் செய்யும் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருந்தால், டிஷ் வயரை நேராகச் சொருகினாலே படம் வரும். அப்படியென்றால் வயரை இரண்டாகப் பிரித்து ஒன்றை பாக்ஸுக்கும் மற்றதை டிவிக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றுவது நியாயம்தான்.

கொடுக்கலாம். ஆனால் பழைய ஆன்டெனா வயரைப் பிரிப்பதும் டிஷ் வயரைப் பிரிப்பதும் இரண்டு வேறு வேலைகள். ஆன்டெனாவைப் பிரித்தால் சிக்னல் போதாமல் போகும். டிஷ்ஷைப் பிரித்தால் படம் கெடும் அளவுக்குச் சிக்னல் குறையாது, சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வரும்.

முதலில் ஆன்டெனா. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. கோபுரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் தடாவில் அந்தப் படம் தெரிய வேண்டுமென்றால் உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி சென்னைப் பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. அந்த அலுமினியக் குச்சிகள் வெறுமனே அலையைப் பிடித்துத் தரும், பெருக்கித் தராது. பிடிபடுவதே கொஞ்சம், அதை இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. பொறியாளர்கள் இதை 3 டெசிபல் இழப்பு என்பார்கள். கடையில் வாங்கும் ஸ்ப்ளிட்டரில், அதாவது வயரைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன டப்பியில், அதன் சொந்த இழப்பும் சேர்ந்து சுமார் 3.5 ஆகும். டிவிக்குள் இருக்கும் மின்சுற்றுக்கென்று சொந்த இரைச்சல், அதாவது சிக்னலோடு கலக்கும் தேவையற்ற மின்சலனம், உண்டு, அது குறைவதில்லை. சிக்னல் பாதியாகிறது, இரைச்சல் அப்படியே இருக்கிறது, அனலாக் படத்தில் புள்ளி மழை கொட்டும். இதற்கு மருந்து, ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பூஸ்டரை வைத்து முதலில் பெருக்கி, அப்புறம் பிரிப்பது. அந்த வரிசையை மாற்றினால் பலன் இல்லை, ஏனென்றால் பிரித்த பிறகு வைக்கும் பூஸ்டர் தன் இரைச்சலையும் பலவீனமான சிக்னலோடு கலந்துவிடுகிறது.

ஸ்ப்ளிட்டர் எதற்கு, வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? போதாது. டிவி வயர், அதன் முனை, டிவியின் சாக்கெட் எல்லாம் 75 ஓம் என்ற ஒரே மின்தடை அளவுக்குச் செய்யப்பட்டவை. இரண்டு 75 ஓம் வயர்களை ஒன்றாக முறுக்கினால் அந்த இடத்தில் 37.5 ஓம் ஆகிவிடும். சுவரில் கட்டிய கயிற்றை உதறினால் அலை சுவர்வரை போய் மோதித் திரும்புமே, அதுபோலப் பொருத்தம் கெட்ட இடத்தில் சிக்னலில் ஒரு பங்கு திரும்பி ஓடும். அனலாக் காலத்தில் இது நிழல் உருவமாகத் திரையில் தெரிந்தது. டிஜிட்டலில் நிழல் விழாது, படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஸ்ப்ளிட்டரைத் திறந்து பார்த்தால் பட்டாணி அளவு ஃபெரைட் (ஒரு காந்தப்பொருள்) வளையங்களில் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். ஒரு சுற்று அந்த 37.5 ஓமை மறுபடி 75 ஆக மாற்றிக் காட்டுகிறது. இன்னொரு சுற்று சிக்னலை இரு வாசலுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. இரண்டு வாசலுக்கும் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். ஒரு டிவியிலிருந்து திரும்பி வரும் குப்பை சிக்னல் அடுத்த டிவிக்குள் போய்விடாமல் அது தன்னுள் வாங்கி வெப்பமாக்கிவிடும். மலிவான ஒரு டப்பிக்குள் இவ்வளவு யோசனை அடங்கியிருப்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

இனி டிஷ். டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகள் மேலேறுவதை மாடியிலிருந்தே பார்க்கும் ஊர்கள் இவை. ஆனால் இந்தச் செயற்கைக்கோள் தென் அமெரிக்காவின் கூரு தளத்திலிருந்து 2015 நவம்பரில் ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. சூலூர்ப்பேட்டையிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறையச் சரியாகத் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 67 பாகை உயரத்தில் இருக்கிறது.

அங்கிருந்து வரும் அலை 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைச் சேர்ந்தது. அவ்வளவு உயர்ந்த அலைவரிசை சாதாரண வயரில் சில மீட்டர் போவதற்குள் தேய்ந்துவிடும். அதனால் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி அதை அங்கேயே 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி, கூடவே ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் மடங்குவரை பெருக்கிக் கீழே அனுப்புகிறது.

இந்தப் பெருக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். எவ்வளவு சிக்னலுக்கு எவ்வளவு இரைச்சல் என்ற கணக்கு எல்.என்.பியின் முதல் டிரான்சிஸ்டரிலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எங்கே பிரித்தாலும் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே பாதியாகும், விகிதம் மாறாது. பாக்ஸ் பாதி சிக்னலைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆன்டெனாவில் நாம் பூஸ்டர் வைத்துச் செய்ததை டிஷ் பிறவியிலேயே செய்துகொண்டு வருகிறது.

அப்படியானால் ஏன் பிரித்தவுடன் சில சேனல்கள் காணாமல் போகின்றன? டிஷ் வயரில் போக்குவரத்து இரு திசையிலும் நடப்பதுதான் காரணம். சிக்னல் கீழே வருகிறது, மின்சாரமும் கட்டளையும் மேலே போகின்றன. செயற்கைக்கோள் தன் சேனல்களில் சிலவற்றைச் செங்குத்தாக அதிரும் அலையிலும் சிலவற்றைக் கிடையாக அதிரும் அலையிலும் அனுப்பலாம். சாதாரண எல்.என்.பி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கும். பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 வோல்ட் கொடுத்தால் கிடை. பட்டையின் மேல் பாதி வேண்டுமென்றால் அந்த மின்சாரத்தின் மேலேயே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை ஏற்றி அனுப்பும். நாம் ரிமோட்டில் சேனல் மாற்றும்போது மாடியில் எல்.என்.பிக்குக் கட்டளை போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது கூடத்தில் தாத்தா பார்க்கும் சேனல் செங்குத்து, உள்ளறையில் பேத்தி கேட்பது கிடை என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸ் 13 வோல்ட் அனுப்புகிறது, டிவி 18 அனுப்புகிறது. இரு பக்கமும் மின்சாரம் போக வழியுள்ள ஸ்ப்ளிட்டரில் அதிக வோல்ட் எதுவோ அதன் பேச்சே மேலே எட்டும். தாத்தாவின் படம் போய்விடும். டிவியிலும் குறையில்லை, பாக்ஸிலும் குறையில்லை, பழுதென்று நினைத்து இரண்டையும் கழற்றிக்கொண்டு கடைக்கு அலைய வேண்டாம்.

செலவு குறைந்த வழி, ஒரு வாசலில் மட்டும் மின்சாரம் போகும் ஸ்ப்ளிட்டர். அந்த வாசலில் இருப்பது எஜமான். மற்றது எஜமான் தேர்ந்தெடுத்த பாதியில் உள்ள சேனல்களை மட்டும் பார்க்கலாம். பார்க்கும் சேனல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் இதுவே போதும். ஆனால் எஜமானை அணைத்தால் எல்.என்.பிக்கு மின்சாரம் நின்று, மற்ற திரையும் இருண்டுவிடலாம். என் கருத்தில், வீட்டில் இரண்டு மொழி, இரண்டு ரசனை இருந்தால் ஸ்ப்ளிட்டரோடு மல்லுக்கட்டாமல் இரட்டை வாசல் எல்.என்.பி மாட்டுவதே நல்லது. அதற்குள் தனித்தனியாகக் கட்டளை கேட்கும் இரண்டு சுற்றுகள் உண்டு. வயர் இரண்டாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ப்ளிட்டரே வாங்குவதென்றால் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கேபிள் டிவிக்கான டப்பியில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். டிஷ் சிக்னலோ 950-இல்தான் தொடங்குகிறது. 2400 வரை போட்டிருப்பதை வாங்க வேண்டும். சில கேபிள் ஸ்ப்ளிட்டர்களில் உள்சுற்று மின்சாரத்தை நேராகத் தரைக்கு இறக்கிவிடும், பாக்ஸ் ஷார்ட் என்று காட்டி நின்றுவிடும்.

பழவேற்காடு ஏரிக் காற்றில் உப்பு அதிகம். மாடியில் திறந்து கிடக்கும் கனெக்டர் சீக்கிரம் பச்சை பூக்கும். நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்புதான், பூச்சு போனால் துரு பிடிக்கும். ஸ்ப்ளிட்டரைக் கூரைக்குக் கீழே வைத்து, மேலே இருக்கும் முனைகளுக்கு ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் படம் உடைந்தால் பலரும் ஸ்ப்ளிட்டரைத்தான் திட்டுகிறார்கள். மழை சிக்னலைத் தின்பது எல்.என்.பிக்கு முன்னால், வானத்தில். அங்கே இழந்ததைக் கீழே எதுவும் மீட்காது, பெரிய டிஷ்தான் உதவும். 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 போட்டால் பரப்பு 2.25 மடங்காகிறது. அது சுமார் 3.5 டெசிபல். ஸ்ப்ளிட்டர் எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் எல்.என்.பிக்கு முன்னால் கிடைக்கும் 3.5 படத்தைக் காப்பாற்றும், பின்னால் போகும் 3.5 கண்ணுக்கே தெரியாது. எங்கே கோளாறு என்று பார்க்க பாக்ஸின் மெனுவில் இரண்டு கோடுகள் உண்டு. ஸ்ட்ரெங்த் விழுந்து குவாலிட்டி நன்றாக இருந்தால் வயரையும் முனையையும் பாருங்கள். ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்து குவாலிட்டி மட்டும் விழுந்தால் டிஷ்ஷின் திசையைப் பாருங்கள், மழை பெய்துகொண்டிருந்தால் அது விடும்வரை பொறுங்கள்.