பெரும்பாடு: பொருள் தெரியாமல் வாசிக்கும் ஒரு நோயின் பெயர்

"பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ." வேதாகமத்தின் மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் வரும் இந்த வரியை ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். புரசைவாக்கத்தில் எங்கள் வகுப்பு டீச்சர், "ரொம்ப வருஷமா கஷ்டப்பட்ட ஒரு அம்மா" என்று சொல்லிக்கொடுத்தார். பெரும்பாடு என்றால் பெரிய கஷ்டம் என்றே நானும் நினைத்துக்கொண்டேன். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, சித்த மருத்துவம் படித்த தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது: அது நோயின் பெயர். மாதவிடாயில் உதிரம் அளவுக்கு மீறிப் போவதும், நிற்காமல் நாள்கணக்கில் போவதும் பெரும்பாடு. சித்த மருத்துவர்கள் இன்றும் இந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு எளிதானது. 'படு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு 'பாடு' ஆனது. கெடு கேடு ஆகவில்லையா, சுடு சூடு ஆகவில்லையா, அப்படித்தான். இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். வெள்ளைபடுதல் என்று சொல்கிறோமே, அதிலும் இதே 'படு' இருக்கிறது. பாடு என்றால் வருத்தம், உழைப்பு, ஒருவருக்கு நேர்வது. "அவன் பாடு திண்டாட்டம்" என்பதில் வருவதும் இதே சொல்தான். அதோடு 'பெரும்' சேர்ந்ததும் நோயின் பெயராகிவிட்டது. "இதை முடிப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது" என்ற பேச்சுவழக்கும் கூடவே இருப்பதால், வேதாகமம் வாசிக்கிறவர்கள் நோயை விட்டுவிட்டுக் கஷ்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

மூலமான கிரேக்கத்தில் மாற்கு எழுதியது 'உதிரத்தின் ஓட்டம்' என்றுதான். அதை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமிழ்ப் பெண்களின் நோய்க்குத் தமிழில் என்ன பெயர் இருந்ததோ அதையே போட்டிருக்கிறார்கள். வேப்பேரியில் இருந்துகொண்டு ஜெர்மன் மிஷனரி பெப்ரீஷியஸ் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று புரொட்டஸ்டன்ட் சபைகளில் இன்று பெரும்பாலும் கையில் இருப்பது 1871-இல் மிஷனரி ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி வெளியிட்ட மொழிபெயர்ப்பு. அந்தக் குழு கூச்சப்படவில்லை. பிரசங்க மேடையிலிருந்து ஆண்கள் உரக்க வாசிக்கும் புத்தகத்தில் ஒரு பெண்நோயின் பெயரை அச்சடித்து வைத்தார்கள். கூச்சமெல்லாம் நமக்குப் பிற்பாடு வந்தது.

இனி இன்னொரு 'பாடு'. சபையில் பாடுகள் என்றால் கிறிஸ்துவின் பாடுகள். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் முழுக்க அதுதான் தியானம். ஒன்று பேதுருவின் 2-ஆம் அதிகாரம் கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லி முடிய, 3-ஆம் அதிகாரம் "அந்தப்படி மனைவிகளே" என்று தொடங்குகிறது. புருஷனுக்குக் கீழ்ப்படிந்திருக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒட்டவைத்து, மனைவியானவள் வலியைச் சகிப்பதே சாட்சி என்று பிரசங்கம் செய்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கூடவே நீதிமொழிகள் 31-இன் குணசாலியான ஸ்திரீ வந்துவிடுவாள். இருட்டோடே எழுந்திருப்பாள், இரவிலே அவள் விளக்கு அணையாது. அவளுக்கு ஒருநாள் இடுப்பு வலித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

பெரம்பூரில் இருந்த என் பெரியம்மா அப்படி வாழ்ந்தவர். ஆலயத்தில் எப்போதும் கடைசி பெஞ்சு. சேலை கறுப்பு, இல்லாவிட்டால் அடர்ந்த மெரூன். உட்காருவதற்கு முன் கைப்பையிலிருந்து மடித்த பழைய துண்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். கீர்த்தனைக்கு எல்லோரும் எழும்போது, அவர் கை முதலில் சேலையின் பின்பக்கம் போய்த் தடவிப் பார்க்கும், அதற்கு அப்புறம்தான் பாட்டுப் புத்தகத்துக்கு வரும். சமையலறையில் நின்றுகொண்டே பச்சரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்லுவார். ஏதோ பழக்கம் என்று நினைத்தோம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், ஐஸ் கட்டி என்று இப்படி ஆசை வரும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவர் கொடுத்த ஜெபக்குறிப்பு, "சரீர பெலவீனம்". நம் சபைகளில் சளி முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு சொற்கள்தான். பெரியப்பா கெட்டவர் இல்லை. "ஜெபம் பண்ணிக்கோ, சரியாயிடும்" என்றார், உண்மையாகவே ஜெபமும் பண்ணினார். ஆனால் வீட்டில் யாருக்கும் நோயின் பெயர் தெரியாது. ஒருநாள் படியேறும்போது மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஹீமோகுளோபின் ஆறு. பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக்கட்டி. ரத்தம் ஏற்றிய பிறகும் அறுவைச் சிகிச்சை இரண்டு நாள் தள்ளிப்போனது. "கணவர் கையெழுத்து வேண்டும்" என்றார்கள், பெரியப்பா ஊரில் இல்லை. பெரியம்மா முழு நினைவோடு அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார்.

இதைப் படிக்கிற பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நாளாக உதிரம் நிற்காமல் சிகிச்சைக்குப் போன ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்க மருந்தில் இருந்தபோது தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வயது வந்த, சுயபுத்தியுள்ள ஒருவருக்கான சம்மதத்தை அவர்தான் தர வேண்டும், தாய் தந்தது செல்லாது என்றது. கணவருக்கு விஷயம் தெரிவது நல்லது, உடன் நிற்பது அதைவிட நல்லது. ஆனால் கையெழுத்து உங்களுடையது.

"மனைவியானவள் தன் சொந்த சரீரத்துக்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி" என்பார்களே என்று கேட்கலாம். ஒன்று கொரிந்தியர் 7:4. அதே வசனத்தின் அடுத்த பாதியில் புருஷனும் தன் சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதிகாரி என்று எழுதியிருக்கிறது. எபேசியர் 5-இல் புருஷன் தன் மனைவியைத் தன் சொந்தச் சரீரமாகப் பாவித்து, போஷித்துக் காப்பாற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. தன் உடம்பில் மாதம் பத்து நாள் ரத்தம் போனால் எந்த ஆணும் சும்மா இருப்பானா?

பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையையே திரும்ப வாசித்துப் பாருங்கள். அநேக வைத்தியர்களிடம் போயிருக்கிறாள். தனக்கு உண்டானவைகளையெல்லாம் செலவழித்திருக்கிறாள். லேவியராகமம் 15-இன்படி அவளும் தீட்டு, அவள் படுப்பதும் உட்காருவதும் தீட்டு, ஆனாலும் கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். யாரிடமும் அனுமதி கேட்டதாக இல்லை. அப்புறம், எல்லோர் முன்பாகவும் "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்". அவரோ அவளை மகளே என்று அழைத்தார். ஏன் வைத்தியரிடம் போனாய், ஏன் இதுவரை பொறுக்கவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை.

இன்று சென்னையில் பெண்கள் இதை 'ஓவர் பிளீடிங்' என்கிறார்கள். மருத்துவச் சீட்டில் 'மெனோரேஜியா' என்று இருக்கும். கிரேக்கத்தில் மாதம் என்ற சொல்லும் பீறிடுதல் என்ற சொல்லும் சேர்ந்தது அது. குழப்பம் தருகிறது என்று பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பே அதைக் கைவிட்டு, எளிய சொல்லுக்கு மாறிவிட்டது. தமிழில் 'அதிக உதிரப்போக்கு' எழுதலாம், தவறில்லை. 1995-இல் வந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பும் 'இரத்தப் போக்கு' என்றே சொல்கிறது. ஆனால் அடிபட்டாலும் ரத்தம் போகும், மூக்கிலும் போகும். இந்த ஒரு நோயை மட்டும் சுட்டும் தனிச்சொல் பெரும்பாடு. என் ஓட்டு அதற்குத்தான்.

எது பெரும்பாடு? ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், இரவில் படுக்கை நனைந்து எழுந்தால். பாடப்புத்தக அளவு ஒரு சுற்றுக்கு 80 மில்லிக்கு மேல் என்பது, ஆனால் யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? உங்கள் அன்றாடம் தடைப்படுகிறது என்பதே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். நார்த்திசுக்கட்டி, தைராய்டு, ரத்தம் உறைவதில் குறை, கருமுட்டை ஒழுங்காக வெளிவராதது, அரிதாகப் புற்றுநோய் என்று காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, மாத்திரையிலேயே அடங்குவதும் உண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு பட்டாலும் காத்திருக்கக் கூடாது.

எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையோ, உங்கள் தெருமுனை கிளினிக்கோ, உள்ளே போனதும் "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று தொடங்காதீர்கள். "எனக்கு எட்டு மாசமா பெரும்பாடு இருக்கு, ஒரு நாளைக்குப் பத்து நாப்கின் ஆகுது" என்று சொல்லுங்கள். ஜெபக்குறிப்புச் சீட்டிலும் அப்படியே எழுதுங்கள். பெரியம்மா இப்போது அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார், தனக்காக இல்லை, கடைசி பெஞ்சில் கறுப்புச் சேலையோடு உட்காரும் இன்னொருத்திக்காக, அவளிடம் கேட்டுக்கொண்டு.