'ஈவ் டீசிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கல்லூரி வாசலோ பேருந்து நிறுத்தமோ திருவிழாக் கூட்டமோ, பெண்ணிடம் ஒருவன் அத்துமீறினால் நம் ஊரில் அதற்கு நெடுங்காலமாக ஒரே பெயர்தான்: ஈவ் டீசிங். லண்டனில் போய் இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆங்கிலச் சொல் போலத் தோன்றினாலும் இது பிறந்து வளர்ந்தது இந்தியத் துணைக்கண்டத்தில். 1960களிலேயே இங்குள்ள ஆங்கில நாளிதழ்களில் புழங்கிய சொல்.

ஈவ் என்பது விவிலியத்தின் ஏவாள். விலக்கப்பட்ட கனியை முதலில் தின்று ஆதாமுக்கும் கொடுத்தவள். அவள் பெயரை எடுத்துத் தெருவில் நடக்கிற பெண்ணுக்கு வைத்ததும், 'இவள்தான் எதையோ தூண்டியிருப்பாள்' என்ற பழியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. டீசிங் என்றால் கிண்டல். தங்கையின் புதுக் கண்ணாடியைப் பார்த்து அண்ணன் சிரிப்பதும் டீசிங்தான். கூட்டத்தில் உரசுவது, வீடு வரை பின்னாலேயே வருவது, காதில் ஆபாசமாகச் சொல்லிவிட்டுப் போவது எல்லாவற்றையும் அதே பெயரில் அடக்கினால் எதுவுமே குற்றமாகத் தெரியாது. போதாக்குறைக்கு, செய்தவனைப் பற்றி இந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூட இல்லை.

இந்தச் சொல் சட்டத்தின் பெயராகவே ஆனது தமிழ்நாட்டில். 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த ஒரு கும்பல் கல்லூரி மாணவி ஒருவரிடம் வம்பு செய்தது. கீழே விழுந்து தலையில் அடிபட்ட அவர் இறந்துபோனார். அந்த ஆண்டே ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. ஓர் உயிர் போன பிறகு வந்த சட்டத்துக்கும் 'கிண்டல்' என்றுதான் பெயர்! 2002இல் அதை மாற்றினார்கள். இப்போது அது பெண்ணுக்குத் துன்பம் விளைவித்தல் தடைச் சட்டம். காவல்துறைச் செய்திகளில் 'பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம்' என்று வருவதும் இதுதான். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் எனக்குப் 'பெண்ணுக்குத் துன்பம் விளைவித்தல்' என்ற பெயரே மேல் என்று தோன்றுகிறது.

பலருக்குத் தெரியாத ஒரு விதியும் இதில் உண்டு. ஓடும் பேருந்தில் இப்படி நடந்து பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

தென்காசிப் பேருந்து நிலையத்தில் 1999இல் நடந்த சம்பவம் பற்றிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றச்சாட்டுக்கு ஆளானவர் ஒரு காவலர். 2012 நவம்பரில் வந்த தீர்ப்பு, ஈவ் டீசிங் என்பது நயமாக மூடிச் சொல்லும் சொல் என்று குறிப்பிட்டது.

நீதிமன்றத்துக்கு முன்பே இதைச் சொன்னவர்கள் மாணவர்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழு தம் வளாகத்து நிலைமையை விசாரித்து 1996இல் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பில் டீசிங் இல்லை, பாலியல் துன்புறுத்தல் என்றே இருந்தது. பெங்களூருவில் 2003இல் ஜாஸ்மீன் பதேஜா என்ற கலைக் கல்லூரி மாணவி, படிப்புக்கான செயல்திட்டமாக 'பிளாங்க் நாய்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். அத்துமீறல் நடந்த அன்று உடுத்தியிருந்த உடையைத் தரும்படி பெண்களைக் கேட்டு அந்த இயக்கத்தினர் திரட்டினார்கள். சுடிதார், புடவை, பள்ளிச் சீருடை எல்லாம் வந்து சேர்ந்தன. 'என்ன உடுத்தியிருந்தாய்?' என்ற கேள்விக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

வங்காளதேசத்தில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. 2010இல் தொல்லை தாங்காமல் பள்ளிச் சிறுமிகள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். மாணவர்கள் தெருவில் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2011 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஈவ் டீசிங் என்ற சொல்லையே விட்டுவிட்டுப் பாலியல் துன்புறுத்தல் என்று சொல்லச் சொன்னது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பெண் சீண்டல்', 'பெண்களைக் கேலி செய்தல்' இரண்டும் பழைய சொல்லின் நேர் மொழிபெயர்ப்புகள். அதன் குறையும் கூடவே வந்துவிட்டது. கேலி, கிண்டல் என்பதற்கெல்லாம் நம் பேச்சில் சிரிப்பு உண்டு, முறை மாமன் உரிமைகூட உண்டு. சீண்டல் கொஞ்சம் தேவலாம். 'பாம்பைச் சீண்டாதே' என்கிறபோது அது விளையாட்டில்லை என்று தெரிகிறது. ஆனாலும் செய்திகளில் குழந்தைகள் மீதான குற்றத்துக்கும் 'பாலியல் சீண்டல்' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. பொதுப்பேச்சுக்குப் பாலியல் தொல்லை, சட்டத்துக்கும் அறிக்கைக்கும் பாலியல் துன்புறுத்தல். இந்த இரண்டும் போதும், இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவைதான்.

புகார் எழுதும்போது மட்டும் இந்தப் பொதுச்சொற்களோடு நிறுத்திவிடக் கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013இல் செய்த திருத்தம் இந்தக் குற்றங்களைத் தனித்தனியாகப் பிரித்தது. இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தல் 75ஆம் பிரிவு, ஆடையைக் களைய முயல்வது 76, மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 77, பின்தொடர்வது 78. ஆகவே 'தொல்லை கொடுத்தார்' என்று எழுதிவிட்டு விடாமல், தொட்டானா, படம் எடுத்தானா, பின்னால் வந்தானா, எத்தனை முறை என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.