கணு: ‘நோட்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல்

கணினித் துறையில் ‘நோட்’ (node) என வழங்கும் சொல், முடிச்சு என்று பொருள்படும் ‘நோடஸ்’ என்னும் இலத்தீன் சொல்வழி ஆங்கிலத்துக்கு வந்தது. தண்டில் இலையும் கிளையும் புறப்படும் இடத்தைத் தாவரவியலார் இச்சொல்லால் குறித்தனர்; மரவடிவில் அடுக்கிய தரவின் ஒவ்வோர் உறுப்புக்கும் கணினியியலாரிடத்தில் இதுவே பெயர்.

தமிழில் சிலர் இதனை ‘முனை’ என்று எழுதுகின்றனர். முனை என்பது நுனி. தனக்குக் கீழே எதுவுமில்லாத உறுப்புக்கு அது பொருந்துமே தவிர, பல கிளைகளைத் தாங்கும் நடு உறுப்புக்குப் பொருந்தாது. கோபியிலும் சத்தியமங்கலத்திலும் கரும்பு நடுவோர், விதைக்கரணையில் கணு உள்ளதா, அதிலுள்ள பரு, அதாவது முளைக்கும் மொட்டு, பழுதின்றி இருக்கிறதா என்று பார்த்தே மண்ணில் வைக்கிறார்கள். கணுவில்லாத துண்டு எவ்வளவு நீளமாயினும் முளைக்காது. ஒன்றோடு ஒட்டியும், தன்னிலிருந்து பிறவற்றைத் தோற்றுவித்தும் நிற்கும் இடம் என்னும் பொருள் ‘கணு’வுக்குள்ளேயே இருப்பதால், அதுவே சரியான சொல் என்பது என் உறுதியான கருத்து. தாய்க்கணு, சேய்க்கணு, வேர்க்கணு, இலைக்கணு என்று அது இயல்பாகவே கிளைக்கவும் செய்கிறது.

இணையச் செயலிகளில் பெரிய மரத்தைச் சேமிக்கும் முறைகளை இச்சொற்களால் தெளிவாகவே விளக்கலாம். மாவட்டம், அதன்கீழ் வட்டம், அதன்கீழ் கிராமம் என இறங்கும் மரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கோவை மாவட்டத்தில் இருந்த தாராபுரம் வட்டம், 1979-இல் புதிதாக அமைந்த பெரியார் மாவட்டத்துக்குச் சென்றது. அம்மாவட்டம் பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2009-இல் தாராபுரம் திருப்பூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஒவ்வொரு கணுவிலும் தாய்க்கணுவின் எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தால், தரவு அட்டவணையில் வட்டத்துக்குரிய ஒரே வரியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், அதன் கீழுள்ள கிராமங்கள் அனைத்தும் உடன் வந்துவிடும். மரத்தின் தொடக்கமான வேர்க்கணுவிலிருந்து வரும் முழு வழியையும் கணுதோறும் எழுதி வைத்திருந்தாலோ, ஒவ்வொரு கிராமத்தின் வரியையும் திருத்த வேண்டும். அவ்வழியில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரை எழுதியிருந்தால், பெரியார் ஈரோடானபோதும் அத்தனையையும் திருத்தியிருக்க வேண்டும். ஆயினும் வழி எழுதும் முறையில், ஒரு மாவட்டத்தின் கீழுள்ள அனைத்தையும் ஒரே தேடலில் எடுத்துவிடலாம். தாய் எண் முறையில் கணு கணுவாக இறங்கியாக வேண்டும். அதற்கென, தன் விடையைக் கொண்டே மீண்டும் மீண்டும் தேடும் மீள்சுழல் வினவலை, தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் 1999-ஆம் ஆண்டுத் தரம் வகுத்தது, மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள் அதனை 2018-இல் வந்த 8.0 பதிப்பில் ஏற்றது. அடிக்கடி இடம் மாறும் மரத்துக்குத் தாய் எண்ணும், மாறாமல் படிக்கப்படும் மரத்துக்கு வழியும் ஏற்றவை.

ஒரு கணுவை அதன் சேய்களோடு பெயர்த்து வேறிடத்தில் வைப்பதற்குக் ‘கிளை மாற்றி ஒட்டுதல்’ என்ற தொடர் பொருந்தும். ஒட்டுமுன், புதிய தாய்க்கணு அக்கிளைக்குள்ளேயே இல்லை என்பதைச் செயலி உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் கிளை வேரிலிருந்து அறுந்து, வினவல் முடிவின்றித் தனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.