21-ஆவது கட்டம்

2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. கோயிலுக்குப் போய்விட்டு 11 மணிக்கு மேல் ஆபீசில் கணினியைத் திறந்தவர்கள் அன்று தப்பித்தார்கள். நம் நேரப்படி காலை 9.39 முதல் 10.57 வரை, 78 நிமிடம், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ‘ஃபால்கன்’ பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு பிழையான அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன.

வந்தது பெரிய புரோகிராம் கூட இல்லை. தாக்குதல்களை அடையாளம் காணும் விதிகள் அடங்கிய ஒரு சின்னக் கோப்பு, எண் 291. விதியைச் சரிபார்க்கும் பகுதிக்குக் கிடைப்பது 20 தகவல். புது விதியோ 21-ஆவதையும் பார் என்றது. 20 வீடு உள்ள தெருவில் 21-ஆம் நம்பர் கதவைத் தட்டின கதைதான். அதற்கு முன் வந்த விதிகளில் அந்தக் கட்டத்தில் ‘எதுவானாலும் சரி’ என்றே இருந்ததால், சோதனையிலும் சரி, பிறகும் சரி, அங்கே எட்டிப் பார்க்கும் வேலையே வரவில்லை.

பிரவுசர் இப்படித் தனக்கில்லாத நினைவகத்தைத் தொட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஃபால்கன் ஓடுவது கெர்னலில், விண்டோஸின் கருவறையில். அங்கே தப்பு நடந்தால், மேற்கொண்டு எதையும் கெடுத்துவிடக் கூடாதே என்று விண்டோஸ் தானாகவே நின்றுவிடும். நீலத் திரை என்பது அதுதான். அதைத் திட்டுவது நியாயமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. வைரஸுக்கு முன்னால் எழ வேண்டும் என்பதால் ஃபால்கன் கணினி பூட் ஆகும்போதே எழுந்துவிடும். பெரும்பாலும் நெட்வொர்க் வருவதற்குள் மறுபடி நீலத் திரை. திருத்திய கோப்பை அனுப்பினாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு கணினியையும் அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

டிஸ்க்கை விண்டோஸின் ரகசியப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் முதலில் 48 இலக்கச் சாவி வேண்டும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் சப்போர்ட் தம்பி, கடலூர் மஞ்சக்குப்பம் கிளையில் இருக்கும் அக்காவுக்குப் போனில் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“மூணாவது கட்டம்க்கா. நாலு ஏழு மூணு, சைபர், ஒண்ணு ஒண்ணு.”

“தப்புன்னு காட்டுதே தம்பி.”

அக்கா 473101 என்று அடித்திருப்பார். சாவி ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். ஒவ்வொன்றும் 11-ஆல் வகுபட வேண்டும். 473011 வகுபடும். ஒரு இலக்கம் பிசகினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் வகுபடாது. அழகான ஏற்பாடு, போனில் கத்துகிறவருக்கு அது ரசிக்குமா தெரியாது!

ஒவ்வொரு கணினிக்கும் வேறு சாவி. அந்தச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருந்த சர்வரும் சில இடங்களில் நீலத் திரையோடு நின்றுகொண்டிருந்தது.