வளர்க்க முடியாது என்று தோன்றினால்: கர்ப்பிணிகளுக்குச் சட்டத்தில் இருக்கும் வழி

பிரசவ வார்டில் சமூகப் பணியாளராக இருப்பவருக்குச் சில கேஸ் ஷீட்டுகளைப் பார்த்ததுமே உறுத்தும். ஷீட்டில் வயது முப்பத்தைந்து என்றிருக்கும். கட்டிலில் படுத்திருப்பதோ இருபது வயதுப் பெண். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். பக்கத்தில் நிற்கும் ‘அக்கா’ திரும்புவார். பிள்ளை வேண்டுகிறவரின் பெயரில் இவளைச் சேர்த்துவிட்டால் பிறப்புச் சான்றிதழும் அந்தப் பெயரிலேயே வந்துவிடும் என்பது குழந்தையை விற்றுக் கொடுக்கும் தரகரின் கணக்கு.

“நல்ல குடும்பம், ஆஸ்பத்திரிச் செலவையும் அவங்களே பாத்துக்குவாங்க” என்று ஆரம்பிக்கிற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. ராசிபுரத்தில் 2019-இல் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கில் கைதானவர்களில் செவிலியர் உதவியாளராக இருந்தவரும் ஒருவர். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியர் செய்தால் மூன்று முதல் ஏழாண்டு வரை.

இவ்வளவு ஆபத்தில் ஏன் போய் மாட்டிக்கொள்கிறார்கள்? நேர்வழி ஒன்று இருப்பதே தெரியாததால்தான். பெற்றவர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் போய்க் குழந்தையை ஒப்படைக்கலாம். அதற்குப் பணம் கட்ட வேண்டாம், போலீஸ் வழக்கும் வராது. ஆனால் தாய்க்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

திருமணமாகாத தாய் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். அவளுடைய அப்பா அம்மா சம்மதம் தேவையில்லை; “குடுத்துடு” என்று அவர்கள் நெருக்குவதும் செல்லாது. கணவன் மனைவி என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வயிற்றில் இருக்கும்போதே எழுதி வாங்கும் பத்திரத்துக்கு மதிப்பே கிடையாது. பிறந்த பிறகு, குழுவினர் பேசிப் பார்த்த பிறகுதான் ஒப்படைப்புப் பத்திரம்.

அதிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். வார்டில் “இதெல்லாம் வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண், பால் கட்டி வலிக்கும்போது வேறு மாதிரி யோசிப்பாள். சட்டம் அதற்கு இடம் வைத்திருக்கிறது. 60 நாள் கடந்தால் திரும்பக் கேட்க முடியாது. அப்புறம் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆணையமான காரா மூலம், காத்திருப்போர் வரிசைப்படி ஒரு குடும்பத்துக்குப் போகும். வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல் அந்தக் குடும்பத்தை நாமே தேர்ந்தெடுக்க இங்கே வழியில்லை.

சொந்தத்துக்குள்ளேயே, பிள்ளையில்லாத அக்காவுக்குக் கொடுக்கலாமா என்பார்கள். இந்துக்கள் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி கொடுக்கலாம். பதிவு செய்த பத்திரம் எழுதிக்கொள்வது நல்லது. ஆனால் அந்த 60 நாள் இதில் கிடையாது. கொடுத்தது கொடுத்ததுதான். பின்னால் பங்காளிச் சண்டை வந்தாலும் ரத்து செய்ய முடியாது.

காசில்லை என்பது மட்டுமே காரணம் என்றால், ஒப்படைப்பைப் பற்றிப் பேசும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுப் பாருங்கள். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மார் பிள்ளையைத் தங்களோடு வைத்து வளர்க்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அது கிடைப்பதாலேயே முடிவை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

“பின்னாடி தேடிக்கிட்டு வந்துடுமா?” என்ற கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. ஒப்படைத்தவர் விவரம் ரகசியமாகவே இருக்கும். வளர்ந்தபின் பிள்ளை வேரைத் தேடலாம். ஆனால் அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று ஒப்படைக்கும்போதே தாய் கேட்டிருந்தால், அவள் எழுதித் தரும் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டார்கள். இதைப் பத்திரம் எழுதும்போதே மறக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் சர்க்கரை, வலிப்பு, காது கேளாமை போன்றவை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வளர்க்கப் போகிறவர்களுக்கு உதவும்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். பிரசவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஏழாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.