அவுட்சோர்சிங்: அயலாக்கமா, வெளிமுகமையா?

கும்பகோணம் பக்கம் நடவு நேரத்தில் "ஆள் கெடச்சுதா?" என்று கேட்டால், "காண்ட்ராக்ட்ல விட்டாச்சு" என்பதுதான் இப்போதெல்லாம் பதில். ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசிவிட்டால் நாற்று பறிப்பதும் நடுவதும் அவர் பாடு. நடுகிறவர்கள் பக்கத்துத் தெருக்காரர்களாக இருக்கலாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். வயல்காரருக்கு அவர்கள் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. இதையே கம்பெனி செய்தால் அவுட்சோர்சிங்.

'அவுட்' வெளி. 'சோர்ஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஊற்று, ஆறு பிறக்குமிடம் என்று பொருள். மேலெழுவதைக் குறிக்கும் லத்தீன் வினைதான் அதன் வேர். தலைக்காவிரியும் ஆங்கிலத்தில் 'சோர்ஸ்'தான். ஊற்று வெளியே இருந்தால் என்ன பாடு என்பதை டெல்டாக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழில்? அரசாணைகள் 'வெளிமுகமை' என்கின்றன. அது ஆளனுப்பும் ஏஜென்சியைக் காட்டுகிறதே தவிர, நடப்பதைச் சொல்லவில்லை. 'புறத்திறனீட்டம்' வாயில் நுழையாது. 'அயற்பணி' ஏற்கெனவே அரசு ஊழியர் வேறு நிறுவனத்துக்குப் போய் வேலை பார்ப்பதைக் குறிக்கிறது. என் ஓட்டு 'அயலாக்கம்' என்பதற்கே. அயலில் ஆக்குவது என்று நினைத்துத்தான் உருவாக்கியிருப்பார்கள். ஆனால் அயலாராக்குவது என்றும் அதைப் படிக்கலாம், அதுதான் இன்னும் பொருத்தம். பெரும்பாலும் வேலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, செய்கிறவர்தான் அயலாராகிறார்.

டெல்டா இதை அந்தச் சொல் வருமுன்பே பார்த்திருக்கிறது. 1952-ல் தஞ்சைக்கென்று சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் என்றால் ஒரே நிலக்காரரிடம் நிரந்தரமாக வேலை பார்த்த விவசாயத் தொழிலாளி. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு (20 மா) மேல் நிலம் வைத்திருந்தவர்கள் பண்ணையாளுக்குக் குறித்த கூலி கொடுக்க வேண்டும், நினைத்தபடி விலக்கக் கூடாது. பல மிராசுதாரர்கள் பண்ணையாளையே ஒழித்துத் தினக்கூலிக்கு மாறினார்கள். அதே வயல், அதே கை, பொறுப்பு மட்டும் இல்லை. (பண்ணையாள் முறையை எண்ணி ஏங்கவும் ஒன்றுமில்லை, தண்டனையாகப் புகட்டிய சாணிப்பாலும் சவுக்கடியும் அதோடு சேர்ந்தவை.) 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேருக்குக் குறைந்த இடங்களைத் தொடவில்லை. 19 பேரோடு கணக்கை நிறுத்தத் தெரியாத காண்ட்ராக்டர் இருந்தாரா?

நம் சொற்களிலேயே உரைத்துப் பார்க்கலாம். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. பயிர் மூழ்கினால் இருவருக்கும் அடி. குத்தகை என்றால் பேசியதைக் கொடுத்தாக வேண்டும், நட்டம் எடுத்தவர் தலையில். அயலாக்கம் குத்தகைச் சாதி. குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? கூலியில்தான்.

வெளியில் வாங்குவதெல்லாம் அயலாக்கம் ஆகாது. விதைநெல்லைக் கடையில் வாங்கினால் அது கொள்முதல். நம் ஆட்கள் செய்துவந்த வேலையை இன்னொருவர் ஆளிடம் விட்டால்தான் அயலாக்கம். அறுவடை எந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது இதில் சேருமா என்று சந்தேகம் வரலாம். வண்டி ஓட்டும் பையனுக்குக் கையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று வயல்காரரைக் கேட்டுப் பாருங்கள். "அது வண்டிக்காரர் பாத்துக்குவாரு" என்றால், சேரும்.