எந்தச் சக்கரத்தைத் தூக்குவது?

மே மாத வெயிலில் வேலூரிலிருந்து ஆம்பூர் பக்கம் போனால், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார் ஒன்றாவது கண்ணில் படும். பின்னால் வருகிற யாராவது கயிறு எடுத்து நீட்டுவார். நல்ல மனசுதான். ஆனால் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: இன்ஜினின் சக்தி எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது?

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. ரெக்கவரி வண்டி முன்டயர் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டால் பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். பொலேரோ மாதிரி பின்சக்கரம் தள்ளும் வண்டிக்கு இது தலைகீழ். பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டீயரிங் திரும்பாதபடி நேராகக் கட்ட வேண்டும். சங்கிலியால் பம்பரோடு தூக்கும் பழைய கிரேனைக் காருக்குக் கூப்பிடாதீர்கள். இப்போதைய பிளாஸ்டிக் பம்பர் அதற்குத் தாங்காது.

ஆட்டோமேட்டிக் வண்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நியூட்ரலில் போட்டாச்சே, அப்புறம் என்ன என்று தோன்றும். கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுழற்றும் பம்ப்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். ஆனால் இழுக்கும்போது தரையில் உருளும் சக்கரம் உள்ளே உள்ள பாகங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் போய்ச் சேராத இடத்தில் உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறும். சின்ன ரிப்பேருக்கு நின்ற வண்டி, கியர்பாக்ஸ் செலவோடு ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்.

கயிற்றில் வேறு ஆபத்து. தொய்ந்த கயிறு திடீரென விறைக்கும் நொடியில் வரும் வெட்டு, சீராக இழுக்கும் விசையைப் போலப் பல மடங்கு. நீளும் தன்மையுள்ள நைலான் அந்த வெட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சங்கிலி வாங்காது. பிரேக்கையும் மறக்கக் கூடாது. மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் ஓடும் இன்ஜினிலிருந்து வருகிறது. நின்ற வண்டியில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிகளுக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இப்படி ஒரு காரைக் கயிற்றில் கட்டி இறக்குவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சமதளத்தில், சாலையோரமாக, கொஞ்ச தூரம் நகர்த்த மட்டும்தான் கயிறு. அப்போதும் சாவியைப் போட்டே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

நான்கு சக்கரங்களும் இன்ஜினோடு இணைந்த வண்டிக்கு இரண்டைத் தூக்கிப் பயனில்லை. தட்டையான மேடையுள்ள பிளாட்பெட் லாரியில் முழுசாக ஏற்றுவதுதான் வழி. மின்சாரக் காருக்கும் அதேதான்: பல மாடல்களில் மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் இருப்பதால், சக்கரம் உருண்டாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிவிடும்.

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து லோடு ஏற்றி வரும் லாரி நின்றால் கதையே வேறு. ஏர் பிரேக்கில் காற்று இருந்தால்தான் சக்கரம் விடுபடும்; காற்று இறங்கினால் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது பிரேக் பழுதானாலும் வண்டி தானாக நிற்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. அதனால் ஹெவி கிரேன்காரர் முதலில் தன் வண்டியிலிருந்து ஹோஸ் போட்டுக் காற்று ஏற்றுவார். அது முடியாவிட்டால் சேம்பரின் போல்ட்டை முடுக்கி ஸ்பிரிங்கைச் சுருக்குவார். அடுத்து கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுவார், கியர்பாக்ஸ் சுழலாமல் இருக்க. அதன் பிறகுதான் முன்பக்கத்தைத் தூக்குவது. தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033க்கு அழைக்கலாம். அப்போது வண்டியின் மாடலோடு, ஆட்டோமேட்டிக்கா, லோடு இருக்கிறதா என்பதையும் சொல்லிவிட்டால் அதற்கேற்ற வண்டி வரும்.